கற்றல் குறைபாடுள்ள மாணவரைப் பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பள்ளிகளில் கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்குச் சிறப்புப் பயிற்றுநராக இருந்து வருகிறேன். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மே மாதத்தில் என்னைத் தேடி வரும் பெற்றோரில் பலர் "இனி எங்கே சேர்ப்பது?" என்று கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லத் தேவையான வேலைகளில் பாதி ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்க வேண்டியவை என்று அந்த நேரத்தில் அவர்களிடம் சொல்ல நேர்வது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வருத்தம் தருகிறது. அதனால் இந்த வேலைகளை எந்த வரிசையில் செய்ய வேண்டும், அந்த வரிசை ஏன் முக்கியம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

பேசும்போதும் யோசிக்கும்போதும் வயதுக்கு ஏற்ற அறிவோடு இருந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒன்றிலோ பலவற்றிலோ மட்டும் விடாமல் தடுமாறும் மாணவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது. டிஸ்லெக்ஸியா (வாசிப்பில்), டிஸ்கிராஃபியா (எழுத்தில்), டிஸ்கால்குலியா (கணக்கில்) என்று மருத்துவர்கள் சொல்பவை இவைதான்.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்குங்கள். அதில் ஆதார், பிறப்புச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், இதுவரை கிடைத்த மருத்துவ மற்றும் உளவியல் அறிக்கைகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். அசலை ஒருபோதும் கையைவிட்டுக் கொடுக்காமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜெராக்ஸ் தனியாக வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு ஆகிய மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று முதல் நாளே பாருங்கள். ஓர் எழுத்து வேறுபட்டதால் மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இதைத் திருத்தாமல் அடுத்த எந்த விண்ணப்பத்தையும் தொடங்க வேண்டாம், ஏனெனில் தவறான பெயர் ஒவ்வொரு புதிய ஆவணத்திலும் அப்படியே ஏறிவிடும்.

மாணவரின் பழைய தேர்வுத்தாள்களையும் வகுப்பு நோட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மூன்றாம் வகுப்பு நோட்டிலும் ஒன்பதாம் வகுப்பு நோட்டிலும் ஒரே வகைப் பிழை தொடர்வதைக் காட்ட அவற்றைவிட நல்ல சான்று கிடையாது.

1. எந்தக் குறைபாடு என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள்

முதலில் கண்பார்வைப் பரிசோதனையும் செவித்திறன் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையும் வகுப்பறையில் ஒரே மாதிரித்தான் தோன்றுவார்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போதும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கும்.

அடுத்து, தமிழிலும் தடுமாற்றம் இருக்கிறதா என்று கவனியுங்கள். தமிழை இயல்பாக வாசித்து ஆங்கிலத்தில் மட்டும் திணறும் பிள்ளைக்கு, ஆங்கில வழிக்கு மாறியதில் ஏற்பட்ட இடைவெளியே காரணமாக இருக்கலாம். கற்றல் குறைபாடு உள்ளவருக்குத் தமிழிலும் அடையாளங்கள் தெரியும்: குறிலும் நெடிலும் மாறும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறும், நீண்ட கூட்டுச் சொல்லின் முதல் பாதியைப் படித்துவிட்டு மீதியை ஊகிப்பார், பார்த்து எழுதும்போதுகூட வரி விட்டுப்போகும்.

கற்றல் குறைபாட்டையும் அறிவுசார் குறைபாட்டையும் ஒன்றாகக் கருதுவதுதான் நான் காணும் மிகப் பெரிய பிழை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் இவை இரண்டும் தனித்தனி. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கை மட்டுமே உள்ளடக்கியது. எனவே அச்சட்டத்தின் கீழ் வரும் பாதுகாவலர் சான்றையோ நிராமயா மருத்துவக் காப்பீட்டையோ தேடி அலைந்து காலத்தை இழக்க வேண்டாம். நம் பிள்ளை 18 வயதில் தன் கையெழுத்தைத் தானே இடப்போகும் முழு உரிமையுள்ள குடிமகன் அல்லது குடிமகள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த அடிப்படையில்தான் நிற்கிறது.

2. சான்றிதழையும் தனித்துவ அடையாள அட்டையையும் ஒன்பதாம் வகுப்புக்குள் பெறுங்கள்

தனியார் உளவியலாளர் தரும் அறிக்கை சான்றிதழ் ஆகாது. பிள்ளைக்கு எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்ல அது உதவும். ஆனால் இட ஒதுக்கீடு, வேலைவாய்ப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அரசு மருத்துவக் குழு தரும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழே செல்லும். "டாக்டர் ரிப்போர்ட் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருந்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பில் விழித்துக்கொள்பவர்கள் ஏராளம்.

சான்றிதழுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் (யு.டி.ஐ.டி.) உரிய விண்ணப்பத்தை மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கடலூர் மாவட்டத்தார் வழிகாட்டலுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும், புதுச்சேரியில் வசிப்போர் சமூக நலத் துறையையும் அணுகலாம். மருத்துவக் குழு நாளன்று பிள்ளையை வெறும் வயிற்றோடும் அவசரத்தோடும் அழைத்துச் செல்லாதீர்கள். வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகளும் அறிவுத்திறன் சோதனையும் நீண்ட நேரம் நடக்கும், சில வேளை இன்னொரு நாளும் வரச் சொல்வார்கள். "நன்றாகச் செய்துவிடு" என்று முந்தைய இரவு பயிற்சி கொடுப்பதும் கூடாது, ஏனெனில் உள்ளபடி தெரிந்தால்தான் உதவி உள்ளபடி கிடைக்கும்.

எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். முள்ளோடைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. ரெட்டிச்சாவடியில் வீடும் கிருமாம்பாக்கத்தில் பள்ளியுமாகப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தில் பார்ப்பது இருப்பிடச் சான்றிலுள்ள மாவட்டத்தை, தேர்வுச் சலுகையில் பார்ப்பதோ பள்ளி சேர்ந்துள்ள தேர்வு வாரியத்தை. இந்த இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்தால் தவறான அலுவலக வரிசையில் நிற்க நேராது.

சான்றிதழ் கையில் வந்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, சதவீதம். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் இட ஒதுக்கீட்டுக்குத் தகுதி. மற்றொன்று, செல்லுபடித் தேதி. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறை, எட்டு வயதுக்குப் பின் முதல் சான்று, 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு, 18 வயதில் தருவது வாழ்நாளுக்கும் செல்லும் என்ற வரிசையை வகுத்தது. 2024 மார்ச்சில் நெறிமுறைகள் திருத்தி வெளியிடப்பட்டுள்ளதால், அக்கம்பக்கத்தார் சொல்லும் கணக்கைவிட உங்கள் சான்றிதழில் அச்சாகியுள்ள தேதியையே பின்பற்றுங்கள். 18 வயது நிறைவது பெரும்பாலும் பிளஸ் டூ முடிந்து கல்லூரி சேரும் நேரத்தில்தான். சான்று காலாவதியாவதும் அப்போதே என்றால், சேர்க்கை விண்ணப்பமும் மறுமதிப்பீடும் ஒன்றோடொன்று மோதும். அதனால் மறுமதிப்பீட்டை நாட்காட்டியில் ஆறு மாதம் முன்னதாகவே குறித்துவையுங்கள்.

3. தேர்வுச் சலுகையைக் கேட்டுப் பெறுங்கள், பெற்றதைப் பழக்குங்கள்

தமிழ்நாடு அரசுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாகவே அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போகும். புதுச்சேரியின் அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. அந்த வாரியமும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதலாகத் தருகிறது. எந்த வாரியமானாலும் கல்வியாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை உங்கள் நகலில் வாங்குங்கள். வாயால் சொன்னது அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போகும்போது அவரோடு போய்விடும்.

சலுகை கிடைத்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது. தன் விடையைப் பிறர் எழுதும்படி சொல்வது தனியாகப் பழக வேண்டிய ஒரு திறமை. நான் முதன்முதலாக ஒரு மாணவருக்கு எழுதுபவரை ஏற்பாடு செய்தபோது, நன்றாகப் படித்திருந்த அந்தப் பிள்ளை, மூன்று மணி நேரமும் முன்பின் தெரியாத ஒருவரிடம் விடை சொல்லக் கூச்சப்பட்டுப் பாதிக் கேள்விகளுக்கு ஓரிரு வரியோடு நிறுத்திவிட்டார். பழக்காமல் அனுப்பியது என் பிழை. அதன் பிறகு ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலிருந்தே இதைப் பயிற்றுவிக்கிறேன்.

பயிற்சியை இப்படி நடத்தலாம். முதல் இரண்டு வாரம் வீட்டில் அக்காவோ அண்ணனோ எழுத, பிள்ளை ஒரு பத்தி மட்டும் சொல்லட்டும். பிறகு வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவர் எழுதட்டும். "புதிய பத்தி", "இதை அடிக்கோடிடுங்கள்", "கடைசி வரியை வாசித்துக் காட்டுங்கள்" ஆகிய மூன்று கட்டளைகளையும் தயக்கமில்லாமல் சொல்ல வரும்வரை தொடருங்கள். கணக்கில் ஒவ்வொரு படியையும் சொல்லிச் செய்ய வைக்க வேண்டும். எழுதுபவர் தாமாகச் சரிசெய்யக் கூடாது என்பதைப் பயிற்சியிலேயே கடைப்பிடியுங்கள்.

கூடுதல் நேரத்தையும் பழக்க வேண்டும். நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பதே களைப்பு. முதல் மூன்று மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டு மீதி நேரத்தை வெறுமனே கழிக்கும் பிள்ளைகளே அதிகம். கேள்வித்தாளை இரண்டு முறை வாசிக்க 20 நிமிடம், விடைகளைத் திரும்பப் பார்க்க 20 நிமிடம் என்று ஒதுக்கிவிட்டு, மீதியைக் கேள்விகளுக்குப் பகிர்ந்து கொடுங்கள்.

மொழிப்பாட விலக்கு பற்றி மட்டும் நிதானமாக முடிவெடுங்கள். மதிப்பெண்ணைக் காப்பாற்ற அது உதவும் என்பது உண்மை. ஆனால் நர்சிங், மருத்துவம் போன்ற படிப்புகளின் சேர்க்கைத் தகுதியில் பிளஸ் டூ ஆங்கிலமும் சேர்கிறது. எனவே பிள்ளை எந்தத் திசையில் போக விரும்புகிறது என்று பேசிய பிறகே எந்த மொழியை விடுவது, விடலாமா என்பதை முடிவு செய்யுங்கள்.

4. தன் தேவையைத் தானே சொல்லக் கற்றுக்கொடுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட நீண்ட காலம் வேண்டும். பள்ளியில் அம்மா பேசுவார், நான் பேசுவேன், வகுப்பாசிரியர் பேசுவார். கல்லூரியில் பெரும்பாலும் யாரும் பேசமாட்டார்கள். 60 பேர் உள்ள வகுப்பில் இந்த மாணவருக்கு வாசிப்பது கடினம் என்று விரிவுரையாளருக்கு யார் சொல்லப்போகிறார்கள்? தன் குறைபாட்டைப் பற்றி ஒரு வாக்கியம்கூடச் சொல்லத் தெரியாமல், நல்ல சான்றிதழோடு கல்லூரிக்குப் போய் இரண்டாம் பருவத்தில் நின்றுவிட்ட பிள்ளைகளை நான் அறிவேன்.

முதலில் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள். 15 வயதுப் பிள்ளையிடம் "உனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் கவனம் போதாது" என்று மறைப்பது அன்பினால் செய்வதுதான் என்றாலும், தான் முட்டாள் என்று அந்தப் பிள்ளை தனக்குத் தானே முடிவு கட்டிக்கொள்ள அதுவே இடம் கொடுக்கிறது. அறிக்கையை அவர் முன் வைத்து, எந்தச் சோதனையில் மதிப்பெண் குறைந்தது, எதில் கூடியது என்று இரண்டையும் காட்டுங்கள். கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் வயதுக்கு மேல் இருக்கிறது என்று தன் அறிக்கையிலேயே பார்த்த ஒரு மாணவி, அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு நான்கு வாக்கியங்களைப் பிள்ளையே அமைக்கட்டும்: என்ன கடினம், என்ன எளிது, என்ன வேண்டும், அதற்குச் சான்று எது. ஒரு மாணவர் தானே உருவாக்கியதைத் தருகிறேன்:

"சார், எனக்கு எழுத்தைப் படிப்பதில் குறைபாடு இருக்கிறது. நீங்கள் பாடம் நடத்தும்போது கேட்டால் எனக்கு நன்றாகப் புரிகிறது. போர்டைப் பார்த்து எழுதி முடிக்க மட்டும் நேரம் ஆகிறது, அதனால் வகுப்பு முடிந்ததும் போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். சான்றிதழ் கொண்டுவந்திருக்கிறேன், பார்க்கிறீர்களா?"

இதில் கெஞ்சலும் இல்லை, நீண்ட விளக்கமும் இல்லை. கேட்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதுவும் எளிதானது. "எனக்கு உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் என்ன செய்வது என்று ஆசிரியருக்குத் தெரியாது. இன்னது வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

இதைப் பழக்கும் வரிசையும் முக்கியம். வீட்டில் கண்ணாடி முன்பு ஒரு முறை, தெரிந்த ஆசிரியரிடம் ஒரு முறை, தெரியாத ஆசிரியரிடம் ஒரு முறை, கடைசியில் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் அனைவர் முன்பும். பதினோராம் வகுப்புக் கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் பிள்ளையே பேச வேண்டும் என்பதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிடமும் பெற்றோருக்குத்தான் பெரும் சோதனை. பிள்ளை சொல் தேடித் தடுமாறும் கணத்தில் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எட்டு எண்ணும்போது பிள்ளை பேசிவிடுகிறது.

மறுப்பையும் ஒத்திகை பாருங்கள். "எல்லோரும் எழுதுகிறார்களே, உனக்கு மட்டும் என்ன?" என்று ஒருவர் கேட்கத்தான் செய்வார். அதற்குக் கோபப்படாமல் "சட்டப்படி எனக்கு இந்தச் சலுகை இருக்கிறது சார், யாரிடம் விண்ணப்பம் தர வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று கேட்கப் பழக்குங்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை அறிந்துகொண்டு வந்தாலே அன்றைய பேச்சு வீண்போகவில்லை.

5. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அன்றாட வேலையைப் பாருங்கள்

"படிப்பு வராது, கைத்தொழில் கற்றுக்கொடுங்கள்" என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கைத்தொழிலிலும் எழுத்து உண்டு, எண்ணும் உண்டு. ஃபிட்டர் பயிற்சியில் மில்லிமீட்டர் அளவும் பட்டறைக் கணக்கும் தினசரி வேலை, எனவே டிஸ்கால்குலியா உள்ளவருக்கு அது கடினமாகலாம். வாசிப்பில் மட்டும் தடுமாறுபவருக்கோ படம் பார்த்துச் செய்யும் அதே பயிற்சி இயல்பாக அமையலாம். கேட்டரிங்கில் ஆர்டரை விரைந்து எழுத வேண்டும். மருந்தாளுநர், செவிலியர் வேலைகளில் பெயரையும் அளவையும் பிழையின்றி வாசிப்பது நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

எனவே ஒவ்வொரு படிப்புக்கும் மூன்று கேள்விகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: வாரத்தில் எவ்வளவு வாசிக்க வேண்டும், தேர்வு கட்டுரை வடிவமா கொள்குறி வடிவமா செய்முறையா, முடித்தபின் வேலையில் எந்தத் திறன் தினமும் தேவை. தொழிற்பயிற்சி நிலையங்களின் அகில இந்தியத் தேர்வில் கருத்தியல் பகுதி கணினியில் கொள்குறி வினாக்களாக நடக்கிறது. எழுத்தில் மட்டும் சிக்கல் உள்ளவருக்கு இது பெரிய ஆறுதல். தொழிற்பயிற்சியை முடித்தபின் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் இருப்பதால், அதைக் கடைசிப் புகலிடமாகப் பார்க்க வேண்டியதில்லை.

கல்லூரியை நேரில் போய்ப் பார்க்காமல் விண்ணப்பிக்காதீர்கள். தேவனாம்பட்டினத்திலுள்ள பெரியார் அரசு கலைக் கல்லூரியோ, இலாசுப்பேட்டையிலுள்ள தாகூர் கலைக் கல்லூரியோ, மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கோ, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ, வேலை நாளில் பிள்ளையோடு ஒரு முற்பகல் செலவிடுங்கள். அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவரின் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத் தாள் சொல்லாததை அந்த நோட்டு சொல்லிவிடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களையும், வயது வரம்பில் ஐந்து ஆண்டுத் தளர்வையும் தருகிறது. புதுச்சேரியில் அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகவும், தமிழ்நாட்டில் அந்தந்தச் சேர்க்கைக் குழு வழியாகவும் விண்ணப்பிக்கும்போது அதற்குரிய கட்டத்தைத் தேர்வு செய்ய மறந்தால் பின்னர் சேர்ப்பது மிகக் கடினம். இணையதள மையத்தில் வேறு ஒருவர் நிரப்பித் தருவதை அப்படியே சமர்ப்பித்துவிடாமல், அந்தக் கட்டத்தை நீங்களே பார்த்தபின் சமர்ப்பியுங்கள்.

பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ தேறாதவருக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஒரு நேர்மையான வழி. ஐந்து பாடங்களைத் தாமே தேர்ந்தெடுக்கலாம், ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். ஆனால் தினமும் எழுப்பி அமரவைக்கப் பள்ளி மணி இல்லாததால், வீட்டில் நேர ஒழுங்கு அமையாத பிள்ளைக்கு இது நழுவிப்போகும்.

6. கல்லூரியின் முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

பள்ளியில் கிடைத்த சலுகை கல்லூரிக்குத் தானாக வராது. பருவத் தேர்வுக்கான கூடுதல் நேரத்துக்கும் எழுதுபவருக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். துறைத் தலைவர், முதல்வர், தேர்வுப் பிரிவு ஆகிய மூவருக்கும் ஒரே நாளில் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை பெறுங்கள். முதல் தேர்வுக் கட்டணம் கட்டும் நாளுக்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும், ஏனெனில் இருக்கை ஒதுக்கீடு அதற்குப் பின் முடிவாகிவிடும்.

உயர்கல்வி, நுழைவுத் தேர்வு, வேலைத் தேர்வு எதுவானாலும் அனுமதிக் கடிதத்தையும் உரிய விதியின் அச்சுப் பிரதியையும் தேர்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் உரிய ஒரு மணி நேரம் மறுக்கப்பட்ட வழக்கில், 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது அநீதி என்று சொல்லிப் பரிகாரம் காணும்படி தேசியத் தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. ஆனாலும் மறுதேர்வு கிடைக்கவில்லை. தேர்வறையில் இழந்த ஒரு மணி நேரத்தை நீதிமன்றத்தாலும் முழுதாகத் திருப்பித்தர முடியாது என்பதால், கண்காணிப்பாளரிடம் காட்டத் தாள் கையில் இருக்க வேண்டும்.

7. பயணம், பணம், படிவம்

இதைக் கடைசிக் கோடை விடுமுறைக்குத் தள்ளிப்போடுகிறார்கள், அதனால் நிறைவேறுவதே இல்லை. பத்தாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் ஏறி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி போய்த் திரும்பும் பயணத்தை முதல் முறை நீங்கள் பக்கத்தில் அமர்ந்தும், இரண்டாம் முறை பின் இருக்கையில் அமர்ந்தும், மூன்றாம் முறை வீட்டில் இருந்தும் நடத்துங்கள். பெயர்ப் பலகையை விரைந்து வாசிக்க இயலாதவருக்கு நடத்துநரிடம் கேட்பதும், இறங்கும் இடத்துக்கு முந்தைய அடையாளத்தை நினைவில் வைப்பதும் நல்ல மாற்று வழிகள்.

நேரக் கணிப்பு பல பிள்ளைகளுக்குச் சிக்கலானது. "ஒன்பதரைக்கு வகுப்பு" என்றால் ஒன்பதரைக்குக் கிளம்புவார்கள். கிளம்பும் நேரம், ஏறும் நேரம், சேரும் நேரம் மூன்றையும் ஒரு வாரம் எழுதி, அதிலிருந்து அவர்களே கணக்கிடட்டும்.

பணத்தில், எண்கள் இடம் மாறுவதே ஆபத்து. 69-ஐ 96 என்று தட்டும் கைக்குக் கைப்பேசிப் பணப் பரிமாற்றம் எளிதும் இல்லை, ஆபத்தற்றதும் இல்லை. தொகையைத் தட்டியதும் வாய்விட்டு வாசிப்பது, பெறுபவரின் பெயரைப் பார்ப்பது, பிறகே கடவு எண் என்ற வரிசையைக் கைப்பழக்கமாக்குங்கள். குறைந்த இருப்புள்ள தனிக் கணக்கில் பழகட்டும். ஒரு முறை பெரிய மார்க்கெட்டில் 200 ரூபாய்க்குக் காய் வாங்கி மீதியைச் சரிபார்த்து வந்தால், பத்துப் பயிற்சித்தாளை விட அதில் பயன் அதிகம்.

படிவங்களுக்கு ஒரு மாதிரி அட்டை செய்யுங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, அஞ்சல் எண், அடையாள அட்டை எண் ஆகியவை தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும், பார்த்து எழுதுவதில் வெட்கமில்லை. கைப்பேசியில் எழுத்தை வாசித்துக்காட்டும் வசதியையும் பேச்சை எழுத்தாக்கும் வசதியையும் தமிழில் அமைத்துக்கொடுங்கள். கையெழுத்திடுமுன் எந்தத் தாளையும் அந்த வசதியால் கேட்டுவிட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

8. வேலைக்குப் போகும் முன்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அரசு வேலையில் தரும் 4 சதவீத இட ஒதுக்கீட்டில், கற்றல் குறைபாடு வேறு சில பிரிவுகளோடு சேர்ந்து ஒரு சதவீதத்துக்குள் வருகிறது. போட்டித் தேர்வுகளுக்கு 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரத்தை ஈடாகத் தந்தது. 40 சதவீதத்துக்குக் குறைவானவர்கள் தங்களுக்கு எதுவுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, எழுதுவதில் சிரமம் உள்ள அவர்களுக்கும் 2022 ஆகஸ்டில் தனி நெறிமுறை வந்தது. அதற்குரிய மருத்துவச் சான்றின் வடிவம் வேறு என்பதால், விண்ணப்பத் தேதிக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

தனியார் வேலையில் குறைபாட்டைச் சொல்வதா, எப்போது சொல்வது என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். வேலை செய்யும் முறையில் ஏதேனும் மாற்றம் தேவைப்பட்டால் சேரும்போதே சொல்வது நல்லது என்பது என் கருத்து. "எழுத்தில் தரும் வேலையை வாயாலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்" என்று முதல் வாரமே கேட்டவர் நிலைத்திருக்கிறார், மறைத்துவைத்தவர் முதல் பிழையில் கவனக்குறைவானவர் என்று பெயர் வாங்குகிறார். பள்ளி முடிந்த விடுமுறையில் தெரிந்தவர் கடையிலோ அச்சகத்திலோ பட்டறையிலோ ஒரு மாதம் வேலை பார்த்தால், எது இயலும் என்பது ஊகத்தில் அல்லாமல் அனுபவத்தில் தெரியும். புதுச்சேரியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. சான்றிதழோடு சென்றால் திறன் மதிப்பீடும் பயிற்சி வழிகாட்டலும் கிடைக்கும்.

9. கோப்பை ஒப்படையுங்கள்

18 வயது நிறைந்த வாரத்தில், முதல் நாள் வாங்கிய அந்தக் கோப்பைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஒவ்வொரு தாளும் என்ன, எங்கே காட்ட வேண்டும், எது எப்போது காலாவதியாகும் என்று அவர் உங்களுக்கு விளக்கட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். எந்தத் தாளில் திக்குகிறாரோ அந்தத் தாளுக்குரிய படியை மீண்டும் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, "ஒன்பதாம் வகுப்புச் சான்று", "கல்லூரிக் கடிதம்" என்று அவருக்குப் புரியும் பெயரில் அவரே சேமிக்கட்டும். அடுத்த மறுமதிப்பீட்டுத் தேதியையோ கட்டணத் தேதியையோ நினைவூட்டும் மணியை இனி அவருடைய கைப்பேசியிலேயே வையுங்கள்.